தாளக்காரரின் பாட்டு

மேடையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்தே, யாருக்கு எவ்வளவு மரியாதை என்று முடிவு கட்டிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. நடுவில் இருப்பவர் வித்வான். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் பக்கவாத்தியம். மேலைநாட்டு ஜாஸ் மேடையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். டிரம்பெட், சாக்ஸபோன் ஊதுகிறவர்கள் முன்னால் நிற்பார்கள். டிரம்ஸ்காரர் பின்னால், தட்டுகளுக்கும் பீப்பாய்களுக்கும் நடுவில் பாதி முகம் மறைய உட்கார்ந்திருப்பார். அவர் தாளத்தைப் பார்த்துக்கொள்வார், பாட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது பொதுவான நினைப்பு.

அந்த நினைப்பு சரியில்லை என்பதுதான் என் கட்சி. பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரே தலைவராகி, தானே மெட்டுக் கட்டி, அதை முன்னால் நிற்பவர்களிடம் கொடுத்து வாசிக்க வைக்கிற குழுக்கள் உண்டு. சமீப வருடங்களில் நான் அதிகம் கேட்பது அவர்களுடைய இசையைத்தான். அதில் ஒரு தனி இனிமை இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு வார்த்தை விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸுக்குப் பிரெஞ்சில் 'பத்ரி' என்று பெயர். நம்மூரில் அந்த வார்த்தையைச் சொன்னால் டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிதான் ஞாபகத்துக்கு வரும். இரண்டும் ஒரே சொல்தான். சமையலறையில் இருக்கும் சட்டி, பானை, வாணலி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லவும் அதே சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆகவே டிரம்ஸ்காரரைப் பாத்திரம் உருட்டுகிறவர் என்று கேலி பேசுவது நமக்கு மட்டும் உரிய குணம் இல்லை. அந்த மொழியிலேயே அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜாஸ் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். முதலில் ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். இதைப் பல்லவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராக அந்த மெட்டை அடிப்படையாக வைத்துத் தன் கற்பனையில் விரித்து வாசிப்பார்கள். நம்முடைய நிரவல், கற்பனாஸ்வரம் மாதிரி. கடைசியில் மறுபடி மெட்டுக்கு வந்து முடிப்பார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நொடி கூட ஓய்வில்லாமல் இருப்பவர் பெரும்பாலும் டிரம்ஸ்காரர்தான். இரண்டு கை, இரண்டு கால், நான்கும் நான்கு வேலை செய்யும். வலது கை பெரிய சிம்பலில் ஓட்டத்தைக் காக்கும். இடது கை சிறிய டிரம்மில் பேசும். வலது கால் பெரிய டிரம்மை மிதிக்கும். இடது கால் ஜால்ரா போல ஜோடியாக இருக்கும் தட்டை மூடித் திறக்கும்.

இந்த வேலைப் பங்கீடு ஆரம்பத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. முன்பெல்லாம் பெரிய டிரம்மைக் காலால் ஒவ்வொரு அடிக்கும் மிதித்துத் தாளத்தைக் காட்டுவார்கள். 1940 வாக்கில் கென்னி கிளார்க் என்கிற அமெரிக்கர் அந்த ஓட்டத்தைக் காலிலிருந்து எடுத்து, வலது கைச் சிம்பலுக்கு மாற்றினார். காலும் இடது கையும் விடுதலை பெற்றன. ஊதுகிறவர் ஒரு வாக்கியம் சொன்னால், இவர் அதற்கு 'ஊம்' கொட்டவும், மறுத்துப் பேசவும், கேள்வி கேட்கவும் முடிந்தது. இதற்கு என்ன அவசியம் என்றால், ஊதுகிறவர் என்ன சொல்கிறார் என்பதை இவர் ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மெட்டு தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

கென்னி கிளார்க் மெட்டிலும் கை வைத்தவர். தெலோனியஸ் மங்க்குடன் சேர்ந்து 'எபிஸ்ட்ரஃபி', டிஸ்ஸி கில்லெஸ்பியுடன் சேர்ந்து 'சால்ட் பீநட்ஸ்' என்று இரண்டு புகழ்பெற்ற உருப்படிகளில் இசையமைத்தவராக அவர் பெயரும் இருக்கிறது. 1956இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, 1985இல் மறையும்வரை பிரான்ஸிலேயே இருந்தார். லூயி மால் எடுத்த 'அசான்சர் பூர் லெஷபோ' படத்துக்கு 1957 டிசம்பரில் மைல்ஸ் டேவிஸ் பாரிஸில் இசை பதிவு செய்தபோது டிரம்ஸ் வாசித்தவர் இவர்தான். அந்தப் படத்தின் இசை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டிரம்பெட். அந்த டிரம்பெட்டுக்குக் கீழே பாய் விரித்தது போல இருப்பது கிளார்க்கின் கை.

டிரம்ஸ்காரர் குழுத்தலைவர் ஆவதும் புதிதில்லை. நியூயார்க் ஹார்லெம் பகுதியில் சவாய் நடனக்கூடத்தில் 1930களில் கொடிகட்டிப் பறந்த குழு சிக் வெப் என்பவருடையது. முதுகெலும்பில் காசநோய் வந்து கூன் விழுந்த, குள்ளமான மனிதர். 1937 மே மாதம் பென்னி குட்மனின் பெரிய குழுவோடு நேருக்கு நேர் போட்டி நடந்தபோது ஜெயித்தது வெப்பின் குழு. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இளம்பெண்ணைப் பாட வைத்து உலகத்துக்குக் காட்டியவரும் அவர்தான். 1939இல் அவர் இறந்தபிறகு அந்தக் குழு எல்லாவின் பெயரில் நடந்தது.

அடுத்த தலைமுறையில் ஆர்ட் பிளேக்கி. அவருடைய 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழுவை ஒரு பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். லீ மார்கன், வெய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பர்ட், பிற்காலத்தில் வின்டன் மார்சாலிஸ் என்று அங்கே வேலை பழகிவிட்டுத் தனிக்கடை போட்டவர்கள் பெரிய பட்டியல். 1958இல் அந்தக் குழு பாரிஸ் ஒலிம்பியாவில் வாசித்ததைப் பிரான்ஸில் என் வயதுக்காரர்களின் அண்ணன்மார்கள் இன்னும் பேசுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளேக்கி தலைவர், மெட்டுக்காரர் என்று சொல்ல முடியாது. 'மோனின்' எழுதியது பியானோ வாசித்த பாபி டிம்மன்ஸ். 'புளூஸ் மார்ச்' எழுதியது சாக்ஸபோன் வாசித்த பென்னி கோல்சன். அவர்களை எழுத வைத்ததுதான் பிளேக்கியின் பெருமை.

தலைமையும் தன்னுடையது, மெட்டும் தன்னுடையது என்று வந்தவர்களில் மூன்று பேரைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாமவர் பால் மோஷியன். ஆர்மீனிய வம்சாவளி அமெரிக்கர், 1931இல் பிறந்தவர். பியானோ மேதை பில் எவன்ஸின் மூவர் குழுவில், 1961 ஜூன் 25 அன்று நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டில் நடந்த அந்தப் பிரசித்தமான பதிவில் டிரம்ஸ் இவர்தான். பதினொரு நாட்கள் கழித்து அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். மோஷியன் அதன்பிறகு பல பேரோடு வாசித்தார். நாற்பது வயது தாண்டிய பிறகுதான், 1970களில், தன் பெயரில் இசைத்தட்டுப் போட ஆரம்பித்தார். பிறகு கிதார் பில் ஃப்ரிசெல், சாக்ஸபோன் ஜோ லொவானோ இருவரோடும் ஒரு மூவர் குழு அமைத்தார். அதில் பேஸ் கிடையாது. ஏறக்குறைய முப்பது வருடம், 2011இல் அவர் இறக்கும்வரை அந்தக் கூட்டு தொடர்ந்தது. அவர் எழுதிய மெட்டுகள் தாலாட்டு மாதிரி, பழைய நாட்டுப்பாட்டு மாதிரி இருக்கும். நான்கு வரிக்கு மேல் போகாதவை போலத் தோன்றும். அவர் டிரம்ஸ் வாசிப்பதோ, தாளத்தை எண்ணிக் காட்டுவது போலவே இருக்காது. ஒரு தட்டை லேசாகத் தொட்டுவிட்டு விட்டுவிடுவார். எண்ணிக்கையை நம் மனதுக்குள்ளேயே போட்டுக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

இரண்டாமவர் ஆல்டோ ரொமானோ. 1941இல் இத்தாலியில் பெல்லூனோவில் பிறந்து, சிறுவனாகப் பிரான்ஸுக்கு வந்தவர். பாரிஸ் ஜாஸ் உலகத்தில் அவர் தாளம் வாசிக்காத இடம் இல்லை. பிரெஞ்சுப் பாடல்கள் கேட்கிற நம்மூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. துலூஸ் நகரத்துப் பாடகர் குளோத் நுகாரோ பாடிய 'ரீம்' என்ற பாட்டு இருக்கிறதே, அதன் மெட்டு ரொமானோவுடையது. அந்தப் பாட்டை முணுமுணுக்கிறவர்களிடம் இது ஒரு டிரம்ஸ்காரர் போட்ட மெட்டு என்று சொன்னால், "அப்படியா?" என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நிமிர்ந்து பார்ப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மூன்றாமவர் மனு கச்சே. 1958இல் பாரிஸை அடுத்த சேன்-மோர் என்ற ஊரில் பிறந்தவர். குடும்ப வேர் ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட். பீட்டர் கேப்ரியல், ஸ்டிங் போன்ற பாப் நட்சத்திரங்களின் தட்டுகளில் இவர் கை உண்டு. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டிக்கு நடுவராகவும் வந்தவர் என்பதால், பிரான்ஸில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் இசை கேட்காதவர்களாக இருந்தால் கூட அவர் முகத்தை அறிவார்கள். 2005இல் 'நெய்பர்ஹுட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அக்கம்பக்கம் என்று பொருள். ஓஸ்லோவில் பதிவானது. மியூனிக் நகரத்து ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. பத்து உருப்படிகள், பத்தும் கச்சேயின் மெட்டு.

வாசித்தவர்கள் யார் என்று பாருங்கள். சாக்ஸபோன் நார்வேயின் யான் கர்பாரெக். டிரம்பெட் போலந்தின் தொமாஸ் ஸ்டான்கோ. இருவரும் தனித்தனியே குழு நடத்திய பெரிய தலைகள். பியானோ மார்சின் வசிலெவ்ஸ்கி, பேஸ் ஸ்லவோமிர் குர்கியேவிச். இருவரும் ஸ்டான்கோவின் குழுவில் வாசித்த அன்றைய இளைஞர்கள். இத்தனை பேரையும் கூட்டி வைத்துவிட்டு, தலைவர் என்ன செய்கிறார்? பெரிதாக ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கிறார். டிரம்ஸைப் போட்டு முழக்கி, வேர்க்க விறுவிறுக்கக் கைதட்டல் வாங்குகிற இடமே கிடையாது. மெட்டு சின்னதாக, தெளிவாக வரும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். பியானோ சில சுரங்களை வைத்துவிட்டு ஒதுங்கும். கச்சே அடியில் நடந்துகொண்டே இருப்பார், மாலையில் கடற்கரைச் சாலையில் நடப்பது மாதிரி. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை.

ஏன் இந்த இனிமை? எனக்குத் தோன்றும் காரணம் இது. ஊதுகிறவர் மெட்டுப் போட்டால் தன் வாத்தியத்துக்கு வாகாகப் போடுவார். தன் விரல் ஓட்டத்தைக் காட்ட இடம் வைப்பார். அதில் தவறில்லை, மனித இயல்பு. டிரம்ஸ்காரருக்கோ தன் மெட்டைத் தானே வாசிக்க வழியில்லை. அதை இன்னொருவர் கையில் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்கும்போது, வாங்குகிறவர் மூச்சு விட இடம் இருக்கிறதா, எங்கே நிறுத்துவார், எங்கே தன் சொந்தச் சரக்கைச் சேர்ப்பார் என்றெல்லாம் யோசித்தே கொடுப்பார். வருடக்கணக்காக எல்லோர் வாசிப்பையும் பின்னாலிருந்து கேட்டவர் அல்லவா? யார் எங்கே திணறுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அந்த மெட்டுகளில் நெரிசல் இல்லை. காலி இடம் இருக்கிறது. அந்தக் காலி இடம்தான் நம் காதுக்கு இனிமையாகப் படுகிறது.

இதைச் சொன்னபோது என் மைத்துனர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். டிசம்பர் சீசனுக்கு மெட்ராஸ் போகத் தவறாதவர்.

"மச்சான், மேளக்காரர் பாட்டுப் போட்டா அது கும்மி மாதிரிதானே இருக்கும்? தாளம் தெரிஞ்சவருக்குத் தாளம்தான் வரும்."

"நீங்க சொல்ற மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன்னால என்ன செய்யறார், மாப்பிள்ளே?"

"ஸ்ருதி சேர்ப்பார்."

"யாரோட ஸ்ருதிக்கு?"

பாடுகிறவருடைய ஸ்ருதிக்கு என்று அவரே சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். மிருதங்கத்தின் வலந்தலையை ஆதார ஸட்ஜத்துக்குச் சேர்க்காமல் ஒரு வித்வான் வாசிக்க ஆரம்பிக்க மாட்டார். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு தட்டித் தட்டி, பாதி கச்சேரியில் கூட மறுபடி சரிபார்ப்பார். அவ்வளவு நுட்பமான காது இருக்கிறவருக்கு ராகம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? கீர்த்தனையின் ஒவ்வொரு சங்கதியும் தெரிந்தால்தான் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று அவருக்குத் தெரியும். இந்த விஷயத்தில் மிருதங்கத்துக்கும் டிரம்ஸுக்கும் அடிப்படை வித்தியாசம் இல்லை.

ஆனாலும் மைத்துனர் பேச்சில் ஒரு நியாயமும் இருக்கிறது. தாளம் மட்டுமே கற்றவருக்கு மெட்டு தானாக வந்துவிடாது. நான் சொன்ன மூவரையும் பாருங்கள். கச்சே சிறு வயதில் பியானோ கற்றுவிட்டுப் பிறகு தாள வாத்தியத்துக்கு வந்தவர். ரொமானோ கிதாரும் வாசித்தவர். மோஷியனும் சிறுவனாக முதலில் கிதார் தொட்டவர்தான். பெரியவரான பிறகு பியானோவில் உட்கார்ந்து மெட்டுகளைத் தேடியவர். கையில் ஒரு பாடும் வாத்தியம், காதில் பல வருடத் தாளம். இரண்டும் சேர்ந்தபோதுதான் இந்த இசை பிறந்தது.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு, அது வெளியூர் ரசிகர்களுடையது. இந்த மாதிரி இசை ரொம்ப அழகாக, ரொம்ப மென்மையாக இருக்கிறது. ஹோட்டலில் சாப்பிடும்போது பின்னணியில் போடலாம், உட்கார்ந்து கேட்க இதில் என்ன இருக்கிறது என்பார்கள். இனிமையாக இருப்பது லேசானது, கடினமாக இருப்பதுதான் உயர்ந்தது என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. கேட்டவுடன் முணுமுணுக்க வருகிற ஒரு புது மெட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மேலாகக் கேட்டால் பின்னணி இசைதான். அடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால் வேறு.

இங்கே என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அரசு எழுத்தராக இருந்தவன் நான். கீழ்நிலையில் சேர்ந்து மேல்நிலைக்கு வந்தேன். கோப்பில் குறிப்பு எழுதுவேன், கடிதத்துக்கு வரைவு போடுவேன். அது மேலே போகும். ஒப்பமாகி என் கைக்குத் திரும்பும்போது என் வாக்கியங்கள் வேறொருவர் பெயரில் இருக்கும். ஒருமுறை முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது பற்றிய சுற்றறிக்கையைப் படிக்கிறவருக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். யார் எழுதியது இது, இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று ஒரு கூட்டத்தில் பாராட்டு வந்தது. பாராட்டை வாங்கிக்கொண்டவர் வேறொருவர். நான் சுவரோரம் நாற்காலியில் கோப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலுவலக முறை அப்படி. அது எனக்குத் தெரியும். ஆனாலும் சுவரோர நாற்காலியில் இருக்கிறவருக்கு வாக்கியம் எழுத வரும் என்பதை யாரும் எதிர்பார்க்கவே இல்லை என்பது மனதில் நின்றுவிட்டது. அதனால்தானோ என்னவோ, பின்வரிசைக்காரர் பெயரில் மெட்டு வெளிவந்தால் எனக்குத் தனி சந்தோஷம்.

பெயர் என்பது வெறும் பெருமைக்காக இல்லை. அதில் சோறும் இருக்கிறது. 1847இல் பாரிஸ் ஷான்செலிசேயில் ஒரு பாட்டுக் கடையில் எர்னெஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியரும் இரண்டு இசையமைப்பாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இவர்கள் எழுதிய பாட்டே ஓடிக்கொண்டிருந்தது. குடித்ததற்குப் பணம் கேட்டு ஆள் வந்தபோது, "எங்கள் பாட்டுக்கு நீங்கள் பணம் தருவதில்லை, உங்கள் சரக்குக்கு நாங்கள் ஏன் தரவேண்டும்?" என்கிற பொருளில் மறுத்துவிட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போய், பூர்ஷே ஜெயித்தார். அதன் தொடர்ச்சியாக 1851இல் பிறந்ததுதான் 'சாசெம்' என்ற உரிமைத்தொகை வசூல் சங்கம். இன்றும் பிரான்ஸில் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பணம் வசூலித்துக் கொடுப்பது அந்தச் சங்கம்.

அந்தச் சங்கம் காப்பது எழுதியவரையும் மெட்டுப் போட்டவரையும். வாசிக்கிறவர்களுக்குத் தனி உரிமை என்று பிரெஞ்சுச் சட்டம் ஏற்படுத்தியது 1985 ஜூலையில்தான். நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. ஒரு மெட்டுக்கு உயிர் கொடுக்கிற தாளத்தை எவ்வளவு புதுமையாக வாசித்தாலும், அதற்காக டிரம்ஸ்காரர் இசையமைத்தவர் பட்டியலில் சேருவது அபூர்வம். மெட்டையும் தானே எழுதினால்தான் அந்தப் பட்டியலுக்குக் கதவு திறக்கும். ஆகவே கச்சே பத்து மெட்டுக்கும் கீழே தன் பெயரைப் போட்டபோது, அது ஆசைக்காகச் செய்தது மட்டும் இல்லை, நியாயமான இடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டதும் ஆகும் என்று நான் நினைக்கிறேன்.

தலைவர் ஆனவுடன் தானும் அடுத்தவர் உழைப்பில் பெயர் போட்டுக்கொள்கிற ஆபத்தும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. சிக் வெப்பின் குழு வாசித்த 'ஸ்டாம்ப்பின் அட் தி சவாய்' என்ற மெட்டைப் போட்டது அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்த எட்கர் சாம்சன். காகிதத்தில் அவரோடு சேர்ந்து வெப், குட்மன் என்ற இரண்டு குழுத்தலைவர்கள் பெயரும் ஏறிவிட்டது. அந்தக் காலத்து வழக்கம் அது. தாளக்காரர் தலைவரானதால் மட்டும் நியாயம் வந்துவிடாது. உண்மையில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டும், அவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாலும்.

நம் பக்கம் நிலைமை என்ன? நாம் தாளத்தை மதிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றால் ஊரே திரண்டது. நாகஸ்வரக் கச்சேரி நோட்டீஸில் 'ஸ்பெஷல் தவில்' என்று தனியாகப் போடுகிற வழக்கமும் நம்முடையது. ஆனாலும் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஒரு மிருதங்க வித்வானுக்கு முதல்முறை கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. அதற்கு முன்னால் எத்தனை மிருதங்க மேதைகள் இருந்திருப்பார்கள்? நாம் தாளத்தைத் தாளமாக மதித்தோம். தாளக்காரரிடம் பாட்டை எதிர்பார்க்கவில்லை.

எதிர்பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வடக்கே ஓர் உதாரணம் உண்டு. தபலா ஜாகிர் உசேன் 1987இல் 'மேக்கிங் மியூசிக்' என்ற இசைத்தட்டைத் தன் பெயரில் கொண்டுவந்தார். புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, கிதார் ஜான் மெக்லாஃப்லின், சாக்ஸபோன் அதே யான் கர்பாரெக். பதிவு செய்ததும் ஓஸ்லோவில்தான். தலைவர் தபலாக்காரர். சில வருடம் கழித்து, பாகிஸ்தானின் உஸ்தாத் ஃபதே அலி கானோடு கர்பாரெக் செய்த 'ராகாஸ் அண்ட் சாகாஸ்' தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் நம்முடைய கச்சே. ஓர் உஸ்தாத் ராகத்தை விரிப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டு வாசித்த கை அது.

என் பேத்திக்குப் பதினோரு வயது. டிரம்ஸ் கற்க வேண்டும் என்கிறாள். அவள் அம்மா, அதாவது என் மகள், "பாட்டு வாசிக்கிற வாத்தியமா ஏதாவது கத்துக்கோ, கீபோர்டு கத்துக்கோ" என்கிறாள். பேத்தி என்னிடம் வந்து, "தாத்தா, டிரம்ஸ்ல பாட்டு வராதாம்" என்று முகத்தைத் தொங்கப் போட்டாள். இரண்டையும் கற்றுக்கொள் என்றேன். முதலில் கீபோர்டில் நாலு பாட்டு, பிறகு டிரம்ஸ். மகளும் சரி என்றுவிட்டாள். தாளம் கற்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம். மிருதங்கம் கற்கிற பையனை வாரம் ஒரு மணி நேரம் பாடவும் வையுங்கள். ஒரு வர்ணம் பாடத் தெரிந்தவன் வாசிப்பதற்கும், தெரியாதவன் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மைத்துனர் கூட ஒத்துக்கொள்வார்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. பிள்ளைகளிடம் சொன்னால் போனில் 'நெய்பர்ஹுட்' தட்டைப் போட்டுக் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறி சத்தம் குறைவாக இருக்கிற நேரத்தில் உட்காருங்கள். 'லல்லபை' என்று ஓர் உருப்படி இருக்கிறது, தாலாட்டு என்று பொருள். முதல் முறை மெட்டை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை மெட்டை விட்டுவிட்டு, சிம்பலில் ஓடுகிற அந்த வலது கையை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை அவர் எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று பாருங்கள்.

அடுத்த ஜூன் 21 இசைத் திருவிழாவன்று நம்மூர்த் தெருக்களில் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். வாசித்து முடித்ததும் முன்னால் நிற்பவரிடம் கை குலுக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். பின்னால் போய், சிம்பலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், "இன்றைக்கு வாசித்ததில் உன் மெட்டு எது?" என்று கேளுங்கள். இந்த வருடம் இல்லை என்று சொல்லலாம். அடுத்த வருடம் ஒன்று போட்டுக்கொண்டு வரும்.